படலையில கமரா, அட்மின் ஆர்?

இப்போது மட்டக்களப்புப் பக்கம் ஒரு புது வீட்டில் பால் காய்ச்சி முடிந்த கையோடு வரும் அடுத்த கேள்வி, "கமரா பூட்டலையா?" முன்பு நாய் வளர்க்கச் சொன்ன அதே ஆட்கள்தான் இப்போது கமரா பூட்டச் சொல்கிறார்கள். கல்லடி, ஆரையம்பதி, ஏறாவூர், செங்கலடி என்று எழுவான்கரை நெடுகப் போனால் மதில்களில் வெள்ளை உருண்டைகள் எங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. அண்மையில் இன்னொரு சாமானும் சேர்ந்திருக்கிறது. லீவில் வரும் அண்ணாமாரின் சூட்கேசில் சொக்லேட்டோடும் சென்ட் போத்தலோடும் ஒரு வீடியோ டோர்பெல்லும் வந்து இறங்குகிறது.

"இது நல்லதா, சிசிடிவி நல்லதா?" எண்டு எங்களிட்டக் கேக்கிற ஆக்கள் கூடிவிட்டார்கள். கலைப்பீடத்துப் பிள்ளைகளிடம் இதைக் கேட்பதற்கு ஒரே காரணம், வீட்டில் போனை நோண்டத் தெரிந்த ஆள் நாங்கள்தான் என்பது. யூடியூபில் தேடினால் பதில் கிடைக்கும். ஆனால் அந்தப் பதில் அமெரிக்க வீட்டுக்கானது. எங்கட வளவுக்கும் எங்கட குடும்பங்களுக்கும் ஏற்ற பதிலை நாங்கள்தான் யோசிக்க வேண்டும்.

எங்கட முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். இங்குள்ள பெரும்பாலான வீடுகளுக்கு வீடியோ டோர்பெல் பொருந்தாது. நாலு கமரா, எட்டுக் கமரா என்று பூட்டுவதும் தேவையில்லை. சொந்தப் படலையைப் பார்த்தபடி ஒரு கமரா போதும். ஆனால் எதைப் பூட்டினாலும் அதன் கணக்கு அந்த வீட்டில் குடியிருக்கிற ஆளின் கையில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி விசயத்தைத்தான் ஒருவரும் கதைப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

ரெண்டும் ஒண்டில்ல

டோர்பெல்லையும் கமராவையும் ஒரே சாமானின் இரண்டு வடிவம் என்று நினைக்கிறோம். வேலை வேறு. வீடியோ டோர்பெல் என்பது அழைப்பு மணிக்குள் ஒரு சின்னக் கமரா, ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். கதவுக்குப் பக்கத்தில், கிட்டத்தட்ட நெஞ்சளவு உயரத்தில் பூட்டுவார்கள். வந்தவர் பொத்தானை அமத்தினால் உங்கட போன் அடிக்கும். முகத்தைப் பார்த்து, "ஆரு, என்ன வேணும்?" எண்டு கதவு திறக்காமலே கேட்கலாம். பெரும்பாலானவை ஆள் வந்தால் அல்லது ஏதாவது அசைந்தால் மட்டும்தான் பதிவு செய்யும்.

சிசிடிவி அப்படியில்லை. உயரத்தில் இருந்து பார்க்கும், ஒருவரோடும் கதைக்காது. வழமையான செட்டில் நாலு கமரா, ஒரு பதிவுப் பெட்டி, அதற்குள் ஒரு ஹார்ட் டிஸ்க். இரவு பகலாக ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது பல்ப் ஹோல்டரில் மாட்டுகிற வைஃபை கமராக்களும் வந்துவிட்டன. அவற்றில் கதைக்கவும் முடியும் என்றாலும், வேலை அதே வேலைதான்: வந்த ஆளை, வராத ஆளை, வீட்டு ஆளை என்று எல்லாரையும் பார்ப்பது.

இந்த இரண்டுக்கும் மூத்த அக்கா ஒருவர் இருக்கிறார். மேரி வான் பிரிட்டன் பிரவுன், நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினத் தாதி. அவருக்கும் கணவருக்கும் வேலை நேரம் ஒத்துவராது. இரவில் அவர் தனியே இருக்கும் நேரங்கள் வரும். கூப்பிட்டால் பொலிஸ் வரச் சுணங்கும். 1966-இல் அவரும் கணவர் அல்பர்ட் பிரவுணும் சேர்ந்து ஒரு கருவிக்கு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் துவாரங்கள், அவற்றுக்குப் பின்னால் மேலும் கீழும் நகரும் கமரா, உள் அறையில் ஒரு திரை, வெளியே நிற்பவரோடு கதைக்க மைக், கதவைத் தூரத்தில் இருந்தே திறக்க ஒரு சுவிட்ச், ஆபத்தென்றால் அமத்த ஒரு பொத்தான். இன்றைய டோர்பெல் செய்கிற எல்லாமே அதில் இருந்தது. எங்களுக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. திரையும் சுவிட்சும் வீட்டுக்குள் இருந்த அந்தப் பெண்ணின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தன. பார்ப்பதும் அவர், திறப்பதா இல்லையா என்று முடிவெடுப்பதும் அவர்.

2013-இல் அமெரிக்காவில் டோர்பொட் என்ற பெயரில் ஒன்று சந்தைக்கு வந்தது. பிறகு அது றிங் ஆனது. 2018-இல் அமேசன் அதை வாங்கியது. வீட்டுக்குள் இருந்த திரை சட்டைப்பைக்குள் வந்தது அந்தக் காலத்தில்தான். சட்டைப்பைக்குள் வந்தால் எந்த நாட்டில் இருந்தும் பார்க்கலாம். வசதியும் அதுதான், வில்லங்கமும் அதுதான்.

எங்கட வளவுக்குள்ள வந்து பாருங்க

டோர்பெல் செய்தவர்கள் மனதில் வைத்தது, தெருவில் இருந்து நாலு எட்டு நடந்தால் கதவு வருகிற வீட்டை. எங்கட வீடு அப்படியா? வெளியே படலை அல்லது கேற். பிறகு தென்னை, மா, கிணறு. அதற்கும் பிறகுதான் விறாந்தையும் கதவும். வாறவர் படலையில் நின்று கூப்பிடுவார். சொந்தக்காரர் என்றால் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வந்துவிடுவார். மீன்காரர் ஹோர்ன் அடிப்பார். சூன் பாண் ஓட்டோ பாட்டுப் போடும். ஒருவரும் பெல் அமத்துவதில்லை. கதவில் பூட்டினால், வந்தவர் வளவைக் கடந்து வாசலுக்கு வந்த பிறகுதான் அது முழிக்கும். சரி, படலையிலேயே பூட்டுவம் என்றால் வைஃபை அவ்வளவு தூரம் எட்டாது. ரவுட்டர் ஹோலுக்குள் இருக்கும். இடையில் இரண்டு கொங்கிரீட் கல் சுவர்.

மின்சார விசயமும் உண்டு. வயர் இழுத்துப் பூட்டும் அமெரிக்க டோர்பெல்கள் அங்குள்ள வீடுகளின் 16 முதல் 24 வோல்ட் பெல் வயருக்காகச் செய்யப்பட்டவை. எங்கட வீட்டு பெல் பெரும்பாலும் நேரே 230 வோல்ட்டில் ஓடுகிறது. லீவில் வந்த அண்ணா ஆர்வத்தில் பழைய பெல்லைக் கழற்றிவிட்டு அதே வயரைக் கொழுவினால் சாமான் புகைந்துவிடும். பற்றரி உள்ளது என்றால் பரவாயில்லை. ஆனால் கரண்ட் போனால் ரவுட்டரும் நின்றுவிடும், போன் அடிக்காது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டு முழு நாடும் இருண்டது. திருடனுக்கு இந்த நாட்டில் குரங்கு போதும்.

பிறகு மாதக் காசு. பல டோர்பெல்கள் பதிவை உங்கட வீட்டில் வைப்பதில்லை, கம்பனியின் கிளவுட்டில் வைக்கின்றன. றிங் போன்றவற்றில் சந்தா கட்டாவிட்டால் அந்த நேரம் நேரடியாகப் பார்க்கலாம், பிறகு திருப்பிப் பார்க்கப் பதிவு இருக்காது. டொலரில் மாதா மாதம் கட்ட எத்தனை வீட்டால் முடியும்?

சிசிடிவிக்கும் கணக்கு இருக்கிறது. ஒரு 1080பி கமரா வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவு செய்தால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 21 ஜிபி. நாலு கமரா என்றால் 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் பதினொன்று, பன்னிரண்டு நாளில் நிரம்பி, பழையதன் மேல் புதியதை எழுதத் தொடங்கும். அந்தக் காட்சியைத் தோஹாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ ஒரு மணித்தியாலம் பார்த்தால், ஒரு கமராவுக்கே உங்கட டேட்டாவில் 900 எம்பி கழியும். "இந்த மாசம் ஏன் டேட்டா கெதியா முடிஞ்சது?" எண்டு அம்மா கேக்கிறதுக்கு விடை அதுக்குள்ள இருக்கலாம். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கிற எங்கட ஊரில் உப்புக் காத்து இணைப்புகளைத் தின்னும். பூட்டிய ஆளே வருசத்துக்கு ஒரு தரம் ஏணி வைத்து ஏற வேண்டி வரும்.

ஆகவே சாமானை மட்டும் பார்த்தால் இங்கே கமரா வெல்கிறது. அதுவும் ஒன்று, பதிவைத் தன் கார்ட்டிலேயே வைத்துக்கொள்ளும் ஒன்று.

ஆருக்குப் பயந்து?

எங்கட ஊர் பயப்படுவதற்குக் காரணம் இல்லாத ஊர் இல்லை. இரவில் நாய் குரைத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்த தலைமுறைதான் எங்களைப் பெற்று வளர்த்தது. நாங்கள் படிக்கிற வந்தாறுமூலை வளாகத்தில்தான் 1990 செப்ரெம்பர் 5-ஆம் திகதி, அகதியாக வந்து தங்கியிருந்தவர்களில் 158 பேர் கூட்டிச் செல்லப்பட்டார்கள். திரும்பி வரவில்லை. 2011 ஒகஸ்ட்டில் "கிறீஸ் பூதம்" என்ற பீதி கிழக்கு முழுக்கப் பரவியபோது நாங்கள் சின்னப் பிள்ளைகள். பெரியவர்கள் பொல்லோடு விடிய விடிய முழித்திருந்ததும், பெண்கள் தனியே கிணத்தடிக்குப் போகாமல் விட்டதும் எங்களில் பலருக்கு நினைவிருக்கிறது.

பிறகு 2019 ஏப்ரல் 21. சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பு. அதற்குப் பிறகுதான் கமரா என்ற சொல் எங்கட வீட்டுப் பேச்சுக்குள் முழுசாக வந்தது. அன்று நடந்த இரண்டு விசயங்களை நாங்கள் அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியில் குண்டுதாரி முதுகுப் பையோடு தேவாலயத்துக்குள் நடந்து போவதைக் கமரா தெளிவாகப் பதிந்திருந்தது. உலகமே அதைப் பார்த்தது, எல்லாம் முடிந்த பிறகு. இங்கே சீயோனில், வளவில் நின்ற ஒருவர் அந்நியனைக் கண்டு சந்தேகப்பட்டு, ஆர், எதுக்கு வந்தனீங்கள் என்று கேட்டு உள்ளே விடாமல் மறித்தார். குண்டு வெளியே வெடித்தது. அவரும், பிள்ளைகள் பலரும் இறந்தார்கள். உள்ளே இருந்த இன்னும் எத்தனையோ பேர் தப்பினார்கள்.

கமரா வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிறகு விசாரணைக்கு அது உதவும், சாட்சி சொல்லும். ஆனால் அந்த நேரத்தில் கேள்வி கேட்பது மனிசர்தான். கமரா பூட்டினவுடன் பக்கத்து வீட்டு மாமியோடு கதைப்பதை நிறுத்திவிடுகிற வீடுகளைப் பார்க்கிறபோது இது ஞாபகம் வருகிறது. படுவான்கரைப் பக்கம் இரவில் யானை வந்தால் அது பெல் அமத்துவதும் இல்லை, கமராவுக்கு வெட்கப்படுவதும் இல்லை. அங்கே ஊர் முழிப்பது இன்னும் பக்கத்து வளவின் கூக்குரலில்தான்.

அட்மின் ஆர்?

இனித்தான் விசயத்துக்கு வருகிறோம். மட்டக்களப்பில் வீடு பெண்ணுடையது. சீதனமாக வீடு கொடுத்துத்தான் மகளைக் கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்வார். வெளியூர்க் கூட்டாளிமாருக்கு இதை நாங்கள் பெருமையாகவே சொல்வோம். உறுதியில் அவளின் பெயர். கமராவின் கணக்கில் ஆரின் பெயர்?

எங்கட வட்டத்தில் கேட்டுப் பார்த்தோம். கமரா உள்ள வீடுகளில் அநேகமாக அட்மின் வெளிநாட்டில் இருக்கிற அண்ணா, மச்சான், அல்லது புருசன். பாஸ்வேர்ட் அவரிடம். வீட்டில் இருக்கிற அம்மாவுக்கோ தங்கச்சிக்கோ அந்தச் செயலி போனிலேயே இல்லை. வாசலில் ஆள் வந்தால் தோஹாவில் போன் அடிக்கிறது. அங்கிருந்து அவர் வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு எடுத்து, "ஆரோ வந்து நிக்கிறான், பாருங்க" எண்டு சொல்லுறார். அதற்குள் வந்தவர் போயே விடுவார்.

இது பகிடி. பகிடி இல்லாத பகுதியும் இருக்கிறது. "நேத்து ஏன் ஆறரைக்கு வந்தனீ?" "அந்த மோட்டர்சைக்கிள்ல வந்து இறக்கிவிட்டது ஆரு?" "ஏன் துப்பட்டா இல்லாம படலையடிக்குப் போனனீ?" எங்கட கூட்டாளிமார் கேட்ட கேள்விகள் இவை, வார்த்தை மாறாமல். கம்பஸில் பாடத்துக்குப் பிறகு நூலகத்தில் இருந்துவிட்டு வந்த பிள்ளைக்கு வீட்டுப் படலை சோதனைச் சாவடி ஆகிவிடுகிறது. திருடன் வருசத்தில் ஒருதரம் வருவானோ தெரியாது. அந்தக் கமரா தினமும் பதிகிறது தங்கச்சியைத்தான்.

"அவன் வெயிலுக்குள்ள கிடந்து உழைச்சு அனுப்பின காசு. தன்ட வீட்டப் பார்க்கக் கூடாதா?" எண்டு கேப்பீங்கள். நியாயமான கேள்வி. தூரத்தில் இருப்பவருக்கு அம்மா விறாந்தையில் இருந்து வெத்திலை போடுவதைக் காண்பதே ஒரு ஆறுதல். வயசான ஆட்கள் தனியே இருக்கிற வீட்டில் விழுந்து கிடந்தால் உடனே தெரிய வரும். அந்தப் பாசத்தை நாங்கள் கொச்சைப்படுத்தவில்லை. ஆனால் பார்க்க ஆசைப்பட்டால் கேட்டுவிட்டுப் பார்க்கலாம். வீடியோ கோல் எடுத்தால் அம்மாவும் அவரைப் பார்ப்பா, தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து இருப்பா, கதைக்க விருப்பம் இல்லாவிட்டால் வைப்பா. கமராவில் அவவுக்கு அந்த வழி இல்லை. அவ பார்க்கப்படுகிறா என்று அவவுக்கே தெரியாது.

நம்பி வைத்தவர் மட்டும்தான் பார்க்கிறார் என்றும் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு, வாடிக்கையாளரின் காட்சிகளை ஊழியர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பார்க்கக்கூடியதாக விட்டிருந்ததாக றிங் மீது குற்றம் சாட்டியது. படுக்கையறை, குளியலறைகளில் இருந்த பெண்களின் கமராக் காட்சிகளை ஒரு ஊழியர் மாதக் கணக்கில் பார்த்திருந்தார் என்று அதில் இருந்தது. அந்த வழக்கை 58 இலட்சம் டொலருக்கு முடித்தார்கள். 2014-இல், வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட பல பத்தாயிரம் கமராக்களின் நேரடிக் காட்சி ஒரே இணையத்தளத்தில் எல்லாரும் பார்க்கக் கிடந்தது. பூட்ட வந்த தம்பி போட்டுவிட்டுப் போன "123456" உங்கட வீட்டிலும் அப்படியே இருக்கலாம்.

பக்கத்து வீட்டுக் கிணத்தடி

மேல்மாடியில் பூட்டிய கமராவுக்கு வேலி தெரியாது. எங்கட ஊரில் இன்னும் எத்தனையோ வீடுகளில் குளிப்பு கிணத்தடியில்தான். கிடுகு வேலிக்கு மறைவாக இருந்த கிணறு, பக்கத்து மாடிக் கமராவுக்கு வெளியாகத் தெரியும். "உங்கட பக்கம் பார்க்கலப்பா" என்று அவர்கள் சொல்லலாம், உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த உருண்டை எந்தப் பக்கம் திரும்பி இருக்கிறது என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. குளிக்கிற பிள்ளைக்கு அது போதும், பாவாடையை இன்னும் இறுக்கிக் கட்ட.

எங்கட நாட்டில் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஒரு தனி ஆள் முற்றிலும் தன் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்வதை அது தன் எல்லைக்கு வெளியே விட்டிருக்கிறது. தெருவையும் சேர்த்துப் பிடிக்கிற வீட்டுக் கமராவை "முற்றிலும் வீட்டுத் தேவை" என்று சொல்ல முடியாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2021 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் கவுண்டி நீதிமன்றத்தில் இரண்டு அயலவர்களின் வழக்கு வந்தது. அது டோர்பெல்லா கமராவா என்ற எங்கட கேள்விக்கே பதில் மாதிரி இருக்கிறது. தன் வாசலுக்கு வருபவரைப் பார்க்கும் டோர்பெல்லின் காட்சியை நீதிபதி பிழையாகக் காணவில்லை. தன் எல்லைக்கு வெளியே, அடுத்தவரின் பக்கத்தைப் பார்த்த கமராவை ஏற்கவில்லை. இரண்டிலும் இருந்த மைக் தூரத்தில் கதைப்பவரின் பேச்சையும் பிடித்ததை அளவுக்கு மிஞ்சியது என்றார். எங்கட ஊரில் வேலியடியில் நின்று கதைக்கிற கதைகளை நினைத்துப் பாருங்கள். மைக்கை முதலில் நிறுத்த வேண்டும்.

பூட்டப் போறீங்களா?

பூட்டுங்க. ஆனா இப்படிப் பூட்டுங்க எண்டு சொல்லுறம்.

ஒரு கமரா. விறாந்தைத் தூணில் இருந்து உங்கட படலையைப் பார்த்தபடி, தெருவையும் அடுத்த வளவையும் வெட்டிவிடும் கோணத்தில். பூட்டிய பிறகு பக்கத்து வீட்டு அன்ரியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டுங்கள். அவவுக்கும் நிம்மதி, ஒருநாள் உங்களுக்கு ஒன்றென்றால் கூப்பிடாமல் வருபவவும் அவதான்.

பதிவு கார்ட்டில் இருக்கட்டும். பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். மைக்கை நிறுத்துங்கள். வீட்டுக்குள் கமரா வேண்டாம். படுக்கையில் உள்ள நோயாளிக்காகத்தான் என்றால், அவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

அனெக்ஸிலோ மாடிவீட்டிலோ வாடகைக்குத் தனியே இருக்கிற பெண்ணுக்கு, கதவு நேரே படிக்கட்டில் திறக்கிற வீட்டுக்கு, டோர்பெல்தான் நல்லது. வீட்டுக் கடன் வசூலிக்க நேரங்கெட்ட நேரத்தில் வந்து நிற்பவரிடம் கதவு திறக்காமல், "நாளைக்கு வாங்க, இப்ப பதிவாகுது" எண்டு சொல்ல முடிவது சின்ன விசயம் இல்ல. நுண்கடன் எடுத்த பெண்களின் வாசலில் நடக்கிறதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். மேரி பிரவுன் யோசித்த பாதுகாப்பும் அந்த மாதிரித்தான்: உள்ளே இருப்பவளுக்குக் கேள்வி கேட்கிற பலம்.

எதுவானாலும், கணக்கைத் திறக்கும்போது வீட்டில் குடியிருப்பவரின் போன் இலக்கத்தையே கொடுங்கள். அம்மாவுக்கு அந்தச் செயலியைத் திறக்கவும், கமராவைத் தேவையான நேரம் நிறுத்தவும் காட்டிக் கொடுங்கள். ரெண்டு பின்னேரம் போதும், வாட்ஸ்அப் பழகினவவுக்கு இது பெரிய வேலை இல்லை. வெளிநாட்டு அண்ணாவுக்குப் பார்க்கிற வசதியைக் கொடுப்பதா, எந்த நேரம் கொடுப்பது என்பதை அவ முடிவெடுக்கட்டும். அண்ணாமாருக்கு ஒன்று: இந்த முறை வரும்போது கமராவை வாங்கி வாங்க, பூட்டித் தாங்க, பாஸ்வேர்டை ஒரு துண்டில் எழுதி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு பிளேன் ஏறுங்க.